முதலாளி நாற்காலி போட்ட நாள்

சகோதரர்களே, வேலை பறிபோனவனுக்குப் பகல் எவ்வளவு நீளம் என்பது எனக்குத் தெரியும்.

எண்பத்தேழில் இடஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்த நேரம். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பஸ்ஸுக்கு நான் டிரைவர். ரோட்டில் மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள், வேண்டாம் என்றேன். "ஓட்டுய்யா, இன்னா ஆயிடப்போவுது?" என்று முதலாளிதான் அனுப்பினார். களமருதூர்ப் பக்கம் புளியமரம் குறுக்கே கிடந்தது. கூட்டம் சூழ்ந்துகொண்டது. நானும் கண்டக்டர் தனபாலும் (பேரை மாற்றியிருக்கிறேன்) பயணிகள் எல்லாரையும் பத்திரமாக இறக்கினோம். பஸ்ஸுக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள்.

வண்டியை நான்தான் விட்டுக்கொடுத்தேன் என்று முதலாளி என்னை நிறுத்திவிட்டார். தனபாலை வைத்துக்கொண்டார்.

முதலாளி மேல் கேஸ் போடு என்றார் தெரிந்த வக்கீல் ஒருவர். பஸ் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் பதறினார்கள். "கேஸ் போட்டவன எந்த ஓனரும் சேக்கமாட்டான் பாய். பொறுத்துக்கினு இரு, அவரே கூப்புடுவாரு." எனக்குத் தெரிந்தது ஸ்டியரிங் ஒன்றுதான். பயந்து செத்தேன்.

எது நல்லதென்று அல்லாஹ்விடமே கேட்கும் இஸ்திகாரா தொழுகை தொழுதேன். கனவில் பதில் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எரிகிற பஸ்தான் வந்தது. மறுபடி தொழுதேன். அதே பஸ். என் மனைவி ஜைத்தூனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நீங்க அல்லாகிட்ட வழி கேட்டீங்களா, சினிமா கேட்டீங்களா?"

அந்த வாரமே முதலாளி ஆள் அனுப்பினார். போனதும் நாற்காலி போட்டார். டீ வந்தது. "புது வண்டி வருது பாய். நீதான் ஓட்டுற." துஆ கபூல் ஆகிவிட்டது, வேண்டுதலை அல்லாஹ் ஏற்றுக்கொண்டான் என்று கண் கலங்கிவிட்டேன்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "போலீசு நெருக்குறான். ஒரு பேரு குடுத்தாவணும். தனபாலுதான் கூட்டத்தோட சேந்துக்கினு வண்டிய நிறுத்தச் சொன்னான்னு ஒரு வார்த்த சொல்லிடு."

தலையாட்டியிருப்பேன். பொய் சொல்லமாட்டேன் என்று பெருமையடிக்க வரவில்லை, எனக்கு அந்த வண்டி அவ்வளவு வேண்டியிருந்தது. ஆனால் நாக்கு எழவில்லை. நல்லதில்லாததிலிருந்து என்னைத் திருப்பிவிடு என்றுதானே அந்தத் துஆவில் கேட்டேன்? டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வழியெல்லாம் அழுகை. மறுநாள் வக்கீலிடம் கையெழுத்துப் போட்டேன்.

வாய்தா மேல் வாய்தா. சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது தனபால் வரவில்லை. "புள்ளகுட்டிக்காரன் பாய், உட்டுடு" என்று கையெடுத்துக் கும்பிட்டான். உனக்காகத்தானே அந்தப் புது வண்டியை விட்டேன் என்று கத்தத் தோன்றியது. அவனுக்கு இன்றுவரை தெரியாது. எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தபோது முதலாளி பஸ்களை விற்றுவிட்டுப் போயிருந்தார். எந்த ஓனரும் என்னைச் சேர்க்கவில்லை. இப்போது கரியாலூர் மலையிலிருந்து மரவள்ளி இறக்கும் ஜீப் ஓட்டுகிறேன், அதுவும் மழை விட்டால்தான்.

இதிலென்ன துஆ கபூல் ஆனது என்கிறீர்களா? நானும் ரொம்ப நாள் அல்லாஹ்விடம் சண்டை போட்டேன். போன மாதம் தனபால் மகளுக்கு ஜோராகக் கல்யாணம். "பாய் மாமா, மொதல்ல நீங்க" என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தாள். அவள் முகத்தைக் கூசாமல் நிமிர்ந்து பார்த்துச் சாப்பிட்டேன். அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் அவனுக்கே.

கேளுங்கள் சகோதரர்களே. பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனாலும் அவனிடமே கேளுங்கள்.