சனிக்கிழமைத் துப்புரவு

மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றியதில் அவளுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. நோயாளியின் விவரத்தைத் திறந்து பார்த்த கம்ப்யூட்டரில் அதன் சுவடு எதுவும் தங்கக் கூடாது. இருக்கையை விட்டு எழுமுன் அனைத்தையும் துடைத்துவிட வேண்டும். அலுவலகத்தின் அந்த விதியை அவள் வீட்டிலும் கடைப்பிடித்தாள். சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்குக் கூடத்து மூலையில் அமர்ந்து, முதலில் பிரவுசரின் குக்கீகளை அழிப்பாள். பிறகு தற்காலிகக் கோப்புகள் சேரும் ஃபோல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து, மீட்க வழியில்லாதபடி நிரந்தரமாக நீக்குவாள். நீங்கிய அளவை நீல அட்டை நோட்டில் தேதியிட்டுக் குறிப்பாள். ஒன்பது ஆண்டுகளில் ஒரு வாரமும் விடுபட்டதில்லை.

"துப்புரவு மேனேஜர் வந்தாச்சு, எல்லாரும் காலத் தூக்கிக்கங்க!" என்று அண்ணன் கேலி செய்வார்.

பதினோரு ஆண்டுகள் இருக்குமிடம் தெரியாமல் இருந்தவர், இரண்டு மாதங்களுக்கு முன் ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தார். வந்த நாள் முதல் அப்பாவுக்குச் சவரம் செய்வதும் நகம் வெட்டுவதும் அவர்தான். அந்தக் கரிசனத்தை அவள் நம்பவில்லை. அப்பாவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. தாளை நீட்டிப் பேனாவைக் கொடுத்தால் எதிலும் கையெழுத்திட்டுவிடுவார். வீடு அப்பா பெயரில் இருந்தது. அப்பாவுக்கும் அவளுக்கும் அதை விட்டால் வேறு கூரை இல்லை. ஆகவே வீட்டிலிருந்த பேனாக்களையெல்லாம் தன் கைப்பையில் போட்டுப் பூட்டிவைத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை பிரவுசரைத் திறந்தபோது அழிப்பதற்கு அதில் எதுவுமே இல்லை. ஒரு வாரத்தின் தடம் முழுவதும் துடைக்கப்பட்டிருந்தது.

"இத யாரு அழிச்சது?"

"நான்தான்மா," என்றார் அண்ணன், அப்பாவின் தாடையில் நுரையைத் தடவியபடி. "வாராவாரம் நீ பண்றதப் பாத்துப் பாத்து எனக்கும் வந்துடுச்சு. உனக்கு ஒரு வேல மிச்சம்தானே?"

அவள் கை பழக்கப்படி அடுத்த ஃபோல்டரைத் திறந்து, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தது. பட்டியல் முழுவதும் நீலமானது. கடைசி வரியில் ஒரு கோப்பின் பெயர்: 'அப்பா கையெழுத்து 3'. கண் அதைப் படித்து முடிக்குமுன் விரல் அழுத்திவிட்டது.

ஃபோல்டர் காலியானது.

அண்ணனுக்கு இந்த ஃபோல்டர் இருப்பது தெரிந்திருக்கவில்லை. அவர் விட்டுவைத்த ஒரே தடயத்தை அவள் தன் கையாலேயே அழித்துவிட்டாள். ஒன்றும் இரண்டும் எங்கே போயின? அப்பா கையெழுத்திட்ட பழைய கடிதங்களைப் பிரதியெடுத்துவைக்க அவள் வாங்கிய ஸ்கேனர் பக்கத்திலேயே இருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடி பளிச்சென்று துடைக்கப்பட்டிருந்தது. பேனாவைத்தான் பூட்டினாள், இதைப் பூட்டத் தோன்றவில்லை.

கைப்பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்து, நோட்டில் அளவை எழுதும் கட்டத்தில் அந்தக் கோப்பின் பெயரை எழுதினாள். மணியையும் குறித்தாள்: மூன்று பதினேழு.

"இன்னிக்கு எவ்ளோ குப்பை?" அண்ணன் எட்டிப் பார்த்தார்.

நோட்டை மூடினாள். "கொஞ்சம்தான்."

"அந்த நோட்டையும் ஒருநாள் குப்பையில போடு. சேத்துவெச்சு என்னத்தக் கண்ட?"

அவள் நோட்டைக் கைப்பையில் பேனாக்களோடு வைத்துப் பூட்டினாள். துண்டை எடுத்து அப்பாவின் முகத்தில் பாதியில் நின்ற நுரையைத் துடைத்தாள்.

"அப்பா, எந்திரிங்க. செருப்பப் போட்டுக்குங்க. வெளிய போய்ட்டு வரலாம்."

"கையெழுத்துப் போடணுமா?" என்று அப்பா ஆவலோடு கேட்டார்.

"வேண்டாம்பா. கூட வந்தாப் போதும்."

அண்ணன் சவரக்கத்தியைக் கிண்ணத்துத் தண்ணீரில் மெதுவாக அலசினார். தலை நிமிரவில்லை.

"எதுக்கும்மா வீணா அலையுற? சனிக்கிழம மத்தியானத்துக்கு மேல பத்திரப் பதிவாபீஸ்ல யாரு இருப்பா? அவங்க திங்கக்கிழமதான் வருவாங்க."

எங்கே போகிறோம் என்று அவள் சொல்லவே இல்லை.