மெஷின் சத்தத்தில் பிறந்த நாடகங்கள்

ஓராண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, நண்பர்களே, எங்கள் அம்மாவைப் பற்றி அழுது எழுத எனக்கு வரவில்லை. பெருமையாகத்தான் எழுத வருகிறது.

அம்மா பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம், மழையை நம்பிய விவசாயக் குடும்பத்தில். மழை கைவிட்டதும் படிப்பை விட்டுவிட்டுத் திண்டுக்கல் நூல் மில்லில் சேர்ந்தார். அப்பா காலமான பிறகு தம்பியையும் என்னையும் அந்தச் சம்பளத்தில்தான் ஆளாக்கினார். ஷிப்ட் முடிந்து வந்த அலுப்போடு அடுப்படியில் உட்கார்ந்து நாடகம் எழுதுவார். குழம்பு எத்தனையோ நாள் அடிப்பிடித்திருக்கிறது.

மில்லில் மெஷின் சத்தத்துக்கு நடுவே இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினால் யாருக்கும் கேட்காது. மீதியெல்லாம் சைகைதான். அம்மாவின் நாடகங்களும் அப்படியே. எங்கள் காலனிப் பொங்கல் விழாவுக்கு வழக்கமாக வெளியூர் நாடகக் குழுதான் வரும். அந்த மேடையை மில் பெண்களுக்குத் தரும்படி அம்மா கேட்டார். விழாத் தலைவர் மில்லில் பெண்களை வேலை வாங்கும் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாடகத்தை வாசித்துவிட்டு, "ஏத்தா, இதுல வசனமே இல்லையே. சனம் எந்திரிச்சுப் போயிரும்" என்றார்.

"நாங்க பேசுற மாதிரித்தாண்ணே எழுதியிருக்கேன். கூட்டி எழுத மாட்டேன்" என்றார் அம்மா.

ஒரு வருடம் பார்ப்போம், கூட்டம் கலைந்தால் மறுபடி வெளியூர்க் குழுதான் என்று முடிவானது.

விழா அன்று மேடையில் மில் காட்சி. பெண்கள் கூடி நின்று சைகையில் கதை பேசுகிறார்கள். ஒருத்தி சட்டென்று மூக்குத்தியைத் தொட்டாள். மேஸ்திரி வருகிறார் என்று மில்லில் அதற்கு அர்த்தம். மேடையில் இருந்தவர்கள் வேலைக்கு ஓடியது சரி, கீழே உட்கார்ந்திருந்த மில் பெண்களும் பழக்கதோஷத்தில் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். பந்தலே சிரித்தது. விழாத் தலைவருக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் விளங்கியது. "அடப் பாவிகளா, இம்புட்டு வருசமா இப்படித்தான் என்னய ஏமாத்துனீகளா?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். கடைசிக் காட்சியில் மெஷினில் விரலை இழந்தவள் ஒரு சொல்லும் பேசாமல் நின்றபோது அதே கூட்டம் அழுதது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

படுக்கையில் விழும்வரை அம்மா எழுதிக்கொண்டேதான் இருந்தார். மருத்துவமனையில் முறை வைத்து உடனிருந்த மில் தோழிகளுக்கும், எங்களைத் தாங்கிக்கொண்ட சித்திக்கும், அம்மாவின் இறுதி ஊர்வலத்தில் முன்னால் நடந்த விழாத் தலைவருக்கும் எங்கள் நன்றி. அந்த மேடைக்கு வெளியூர்க் குழு அப்புறம் வரவே இல்லை. வருகிற பொங்கலுக்கும் அம்மாவின் நாடகம்தான். குடும்பத்தோடு வாருங்கள்.