கேப்டன் தொலைத்த துப்பாக்கி

ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரத்து வலேரியன் கைபட்ட காற்றுத் துப்பாக்கியை நீட்டினால், காட்டுக் கரடிகூட முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றுவிடும். சரி, கரடி என்பது கொஞ்சம் கூடுதல்தான். நின்றது ஒரு வெள்ளாடு. அதுவும் வேலிக்கு மேலே தொங்கிய ஆப்பிள் கிளையை எட்டுவதற்காக நின்றது. ஆனால் இது கூடுதல் இல்லை: அசல் துப்பாக்கியில் இருக்கிற எதுவும் வலேரியன் கையில் தப்பிப் போனதில்லை. திருகு, வரி, கீறல், எதுவுமே.

பகலில் அவர் டிராம் பணிமனையில் ஒட்டிக்கொண்ட கதவுகளைத் திறக்கவைக்கும் மெக்கானிக். வேலை முடிந்தால் கண்ணாடி போட்டு அடைத்த பால்கனிதான் அவர் உலகம். ஊறுகாய் ஜாடிகளுக்கும் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவே ஒரு முக்காலி, ஒரு பிடிகருவி, விதவிதமான அரங்கள். இந்தக் கிறுக்கைத் தொடங்கிவைத்தவள் அவர் மனைவி ஆலெவ்தினா. ஆண்கள் நாற்பதாவது பிறந்தநாளைக் கொண்டாடினால் ஆகாது என்று அதைச் சத்தமில்லாமல் கடத்திவிட்டு, நாற்பத்தொன்றுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கித் தந்தாள். தகர டப்பாக்களைச் சுட்டு விளையாடட்டும் என்று நினைத்தாள். அவர் ஒரு டப்பாவையும் சுடவில்லை. துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பெண் பார்க்கப் போன இடத்தில் குறை கண்டவர்போல் உதட்டைப் பிதுக்கினார்.

"போலீஸ்காரன் இடுப்புல தொங்குறதும் இதுவும் ஒரே ஊர்ல பொறந்ததுதான். ஆனா பாரு, கைப்பிடி வீங்கிக் கிடக்கு. வார்ப்புத் தழும்பு அப்படியே தெரியுது. அடியில ஒரு திருகு வேற பல்லு மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது."

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் இப்படித்தான் பாத்தியா?"

"உனக்கு அரம் போட முடியாதே, ஆல்யா."

அன்று தொடங்கியதுதான். தழும்புகளை அராவினார். துருத்திய திருகை உள்ளே மறைத்தார். தடித்த பிளாஸ்டிக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, ஐந்து முனை நட்சத்திரம் போட்ட பழுப்பு நிறப் பேக்லைட் பிடியைப் பொருத்தினார். மிளகு நுழையும் அளவே இருந்த குழலின் துளையைச் சுற்றி ஒரு வளையம் கடைந்து வைத்து, அசலின் அகன்ற வாய்போல் ஆக்கினார். பிறகு மேலெல்லாம் கருப்பு ஏற்றினார்; ஒரு தடவை, துடைத்து மறுபடி ஒரு தடவை, பார்க்கிறவர் முகம் அதில் தெரியும்வரை. சுட்டால் பழையபடி மிளகு போன்ற இரும்புக் குண்டுதான் வரும். மாறியது முகம் மட்டும்தான். ஆனால் அந்த முகத்துக்காகவே நாடகக்காரர்களும் பழைய போர்களை நடித்துக் காட்டுகிறவர்களும், அசலை வைத்துக்கொள்ள அனுமதியில்லாத ஆசைக்காரர்களும் தேடி வந்தார்கள். பாதிக் குடும்பங்களில் யாராவது ஒருவர் துப்பாக்கித் தொழிற்சாலையில் கை கறுத்தவராக இருக்கும் ஊர் அது. அங்கே சும்மா யாரும் பாராட்டிவிட மாட்டார்கள்.

வலேரியனுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. எதற்கெடுத்தாலும் 'தாவ்' என்பார். அந்த வட்டாரத்து உத்முர்த் மொழியில் நன்றி என்று அர்த்தம். அரத்துக்குத் தாவ், நேரத்துக்கு வந்த டிராமுக்குத் தாவ், கொதித்த கெட்டிலுக்கும் தாவ். "கெட்டிலுக்குச் சொல்ற, அதுல தண்ணி ஊத்தினவளுக்குச் சொல்றியா?" என்பாள் ஆலெவ்தினா. அவளுக்கும் சொல்வார். வாழ்க்கையில் அவர் சொல்லாமல் விட்ட தாவ் ஒன்றே ஒன்றுதான். அது கேப்டன் கவ்ரீலொவுக்குச் சேர வேண்டியது.

வலேரியனுக்கு மீசை அரும்பிய வயதில், பனி இளகும் பருவத்தில், எல்லாரும் வேண்டாம் என்று சொல்லியும் ஊர் ஏரியின் உறைபனி மேல் மீன்பிடிக்கப் போனார். பனி உடைந்தது. கழுத்துவரை தண்ணீருக்குள் இறங்கிவிட்டவரை, அந்த வட்டாரத்துப் போலீஸ் கேப்டன் பனிமேல் குப்புறப் படுத்து ஊர்ந்து வந்து, கைக்கு முதலில் சிக்கிய காதைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். பல் தந்தியடித்ததில் வலேரியனுக்கு வாய் வரவில்லை. கேப்டனோ நாலு வசவு வைதுவிட்டு ஆம்புலன்சில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் தெருவில் பார்க்கும்போதெல்லாம் வெட்கம் வந்து வாயை அடைத்தது.

அந்தக் கேப்டனின் மகள் ஃபையினா டிராமில் டிக்கெட் கொடுப்பவள். ஒரு மாசி மாதத்துப் பகலில் பணிமனை கேன்டீனில் தன் சூப்புக் கிண்ணத்தோடு வலேரியன் எதிரே வந்து உட்கார்ந்தாள். சூப்பைத் தொடவில்லை.

"அப்பாவுக்கு ஞாபகம் தப்பிப் போச்சு வலேரியன். காலையில நல்லாத்தான் இருக்காரு. சாயங்காலம் ஆறு மணி ஆனா போதும், ட்யூட்டி முடிஞ்சுது, துப்பாக்கியை ஒப்படைக்கணும்னு இடுப்பைத் தடவுறாரு. உறை இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான். மெத்தையைத் தூக்கிப் போடுறாரு, மாவு டப்பாவைக் கொட்டுறாரு. ஜெயிலு, கோர்ட்டுன்னு நடுங்குறாரு."

"ரிட்டையர் ஆயாச்சுன்னு சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே! ரிட்டையர் ஆகி இருபது வருஷம் ஆச்சுப்பான்னு சொன்னேன். 'அப்ப இருபது வருஷமா ஒப்படைக்கலையா'ன்னு கேட்டு இன்னும் பயந்துட்டாரு. தூங்கறதே இல்ல. சோறும் இறங்கல. இப்படியே போனா கோடையைப் பார்க்க மாட்டாரு." கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "நீ செய்யறது அசல் மாதிரியே இருக்குமாமே. ஒண்ணு செஞ்சு குடு. உறைக்குள்ள இருந்தா அவர் நிம்மதியா ஒப்படைச்சுட்டுத் தூங்குவாரு."

வலேரியன் அதுவரை செய்ததிலேயே சிறந்ததைச் செய்தார். காற்றும் குண்டும் போகும் வழியை அடைத்து, சுடவே முடியாதபடி ஆக்கினார். கருப்புப் பூச்சை இன்னும் இரண்டு தடவை ஏற்றினார். ஆலெவ்தினா அதில் முகம் பார்த்து உதட்டுச் சாயம் பூசிக்கொண்டாள். "இதைக் குடுக்கறதுக்கு மனசு வருமா உனக்கு?" என்றாள். வந்தது.

ஃபையினா வீட்டு முன்னறையில் கேப்டன் உறையைத் திறந்தார். துப்பாக்கியை வெளியே எடுத்தார். முகம் மலர்ந்தது, உடனே வெளிறியது.

"இது என்னோடது இல்ல."

"நல்லாப் பாருங்கப்பா."

"நல்லாப் பாத்துட்டுத்தாம்மா சொல்றேன். கண்ணாடி மாதிரி மின்னுது. எவனோ ஜெனரலுக்குப் பரிசா குடுத்தது இது. என் உறைக்குள்ள எப்படி வந்துச்சு? ஐயோ! என்னோடதைத் தொலைச்சதும் இல்லாம இப்ப ஜெனரலோடதையும் தூக்கிட்டு வந்துட்டேனா?"

கிழவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். ஃபையினா வலேரியனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. இஷெவ்ஸ்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. எதையும் இன்னும் அழகாக்கத்தான் அந்த ஊர்க் கைகளுக்குத் தெரியும். போலீஸ்காரர் இடுப்பில் முப்பது குளிர்காலம் உரசிய சாமான் எப்படி இருக்கும் என்று அவை யோசிப்பதில்லை.

வலேரியன் எழுந்து ஸ்வெட்டரைக் கீழே இழுத்துவிட்டு விறைப்பாக நின்றார். கம்பளிக் குல்லாய் காதுவரை இறங்கியிருந்தது.

"தோழர் கேப்டன்! நான் ட்யூட்டி அதிகாரி. தொலைஞ்ச ஆயுதத்தோட அடையாளம் சொல்லுங்க. தேடச் சொல்றேன்."

கேப்டன் நிமிர்ந்தார். குரல் ஸ்டேஷன் குரலாக மாறியது. "மேல கருப்பு தேய்ஞ்சு வெள்ளை தெரியும், உறை உரசற பக்கம். வார் மாட்டற வளையம் கோணியிருக்கும். கைப்பிடியில வலது பக்கம் விரிசல், நட்சத்திரத்துல தொடங்கிக் கீழ வரைக்கும். டேப் சுத்தி வெச்சிருக்கேன்."

"விரிசல் எப்படி வந்துச்சு?"

கேப்டன் மகளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "மேல சொல்ல மாட்டீங்களே? நான் அதை ரிப்போர்ட் பண்ணல. ஏரியில ஒரு முட்டாப் பய விழுந்துட்டான். பனியில குப்புறப் படுத்துத்தான் போக முடிஞ்சுது. துப்பாக்கி விலாவுக்கு அடியில மாட்டிக்கிச்சு. அவனை இழுக்கிறேன், கீழ படக்குன்னு சத்தம். நான் விலா எலும்புன்னு நினைச்சேன்."

வலேரியன் ஓரடி முன்னால் வந்தார். "அந்தப் பய பேரு?"

"எவனுக்குத் தெரியும்? காது மட்டும் ஞாபகம் இருக்கு. ரெண்டும் கிண்ணத்துக்கு வெச்ச பிடி மாதிரி இருக்கும். அதைப் புடிச்சுத்தான் தூக்கினேன். ஒரு வார்த்தை நன்றி சொல்லலியே, கழுதை!"

ஃபையினாவின் பார்வை குல்லாய்க்கு அடியில் பிதுங்கிய காது மடல்களுக்குப் போனது. வலேரியன் குல்லாயை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

துப்பாக்கியோடு வீட்டுக்கு வந்ததும் தன் வேலையைத் தானே கெடுக்க ஆரம்பித்தார். முகம் தெரிந்த கருப்புப் பூச்சைத் தோல் வாரால் தேய்த்து வெளுக்கவைத்தார். வார் மாட்டும் வளையத்தைக் கோணலாக்கினார். விரிசல்தான் வரவில்லை. சுத்தியலால் தட்டினால் அது சுத்தியல் விரிசலாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தேநீர் கொண்டுவந்த ஆலெவ்தினா, பால்கனித் தரையில் துப்பாக்கிமேல் குப்புறப் படுத்து எக்கிக்கொண்டிருந்த புருஷனைக் கண்டாள்.

"வலேரா, டாக்டரைக் கூப்பிடவா, பாதிரியாரைக் கூப்பிடவா?"

"ரெண்டும் வேணாம். என் முதுகுமேல உட்காரு."

"எதுக்கு?"

"தண்ணியில நனைஞ்ச ஒருத்தனை இழுக்கற கனம் வேணும். சீக்கிரம் உட்காரு."

அவள் கோப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு குதியும் குதித்தாள். படக்கென்றது. "பிடியா, விலாவா?" என்று கேட்டாள் பதறிப்போய். பிடிதான், நட்சத்திரத்தில் தொடங்கிக் கீழ்வரை. வலேரியன் தரையிலேயே உட்கார்ந்து அந்த விரிசலைக் கட்டைவிரலால் தடவினார். தன் உயிரின் விலை இவ்வளவு நாளாக ஒரு கிழவரின் ஞாபகத்தில் டேப் சுற்றிக் கிடந்திருக்கிறது. "தாவ்" என்றார். "யாருக்கு?" என்றாள் ஆலெவ்தினா.  அவர் டேப் எடுத்துச் சுற்றினார். அந்த நாட்டில் டேப் என்றால் நீலம்தான். நாற்காலிக் கால், மூக்குக் கண்ணாடி, டிராம் கைப்பிடி எல்லாம் அதன் பலத்தில்தான் நிற்கின்றன.

மறுநாள் மாலை ஃபையினா வீட்டுச் சமையலறையே ஆயுத அறையானது. கதவின் கண்ணாடி உடைந்துபோன சட்டம்தான் ஆயுதம் ஒப்படைக்கும் ஜன்னல். உள்ளே பணிமனைத் தொப்பியோடு வலேரியன். அடுப்பில் பெரெபெச் என்ற அந்த ஊர்ப் பலகாரம் வெந்து, மாவும் காளானும் முட்டையும் மணந்தன. ஆறு அடித்ததும் கேப்டன் இடுப்பைத் தடவினார். உறை கனத்தது. வெளியே எடுத்தார். கோணல் வளையத்தைத் தொட்டார், வெளுத்த பக்கத்தைப் பார்த்தார், கைப்பிடியைத் திருப்பினார். டேப்பின் மேல் விரல் நின்றது.

கேப்டன் டேப்பை ஒருமுறை நீவினார். பின்பு மேகசினைக் கழற்றி, துப்பாக்கியை முறைப்படி தரையை நோக்கிப் பிடித்துச் சட்டத்தின் வழியே நீட்டினார். "கேப்டன் கவ்ரீலொவ். ட்யூட்டி முடிந்தது. ஆயுதம் ஒப்படைக்கிறேன்."

"பெற்றுக்கொண்டேன், தோழர் கேப்டன்." வலேரியன் துப்பாக்கியை வாங்கி வைத்தார். "இன்னொரு விஷயம். அந்த ஏரிப் பய நல்லா இருக்கான். கல்யாணம் ஆயிடுச்சு, வேலையில இருக்கான். உங்ககிட்ட தாவ் சொல்லச் சொன்னான்."

"இப்பத்தான் வாய் வந்துச்சா அவனுக்கு?" கேப்டன் சிரித்தார். "போகட்டும். காது எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

அன்று கேப்டன் பெரெபெச்சை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, நாற்காலியிலேயே தூங்கிப்போனார். ஃபையினா கதவுச் சட்டத்தில் தலையைச் சாய்த்து அழுதாள். அதற்கப்புறம் தினமும் ஆறு மணிக்கு ஒப்படைப்புதான். வலேரியனால் வர முடியாத நாளில் ஆலெவ்தினா தொப்பியைப் போட்டுக்கொள்வாள்.

ஏரியில் பனி உருகி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அந்தச் சமையலறையில் சேர்ந்து தேநீர் குடித்தார்கள். அக்கம்பக்கத்தாரிடம் ஆலெவ்தினா அளந்துகொண்டிருந்தாள். "எங்காளு கை இருக்கே, அசலுக்கும் அதுக்கும் கடவுளே வந்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஒரு பொட்டு தப்பாது!"

மூலையில் கண்ணை மூடியிருந்த கேப்டன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "டேப் கருப்பும்மா. துணி டேப்பு, தார் வாசனை அடிக்கும். நீலம் எங்க ஸ்டேஷனுக்கு வந்ததே இல்ல. ட்யூட்டி அதிகாரி புதுப் பையன், பாவம், தெரிஞ்சிருக்காது. சோதனை வர்றதுக்குள்ள மாத்திடச் சொல்லு."