பீடோங் மாநாடும் யாரும் உட்காராத லயமும்

மாநாடு என்றாலே எனக்கு ஒத்துக்கொள்ளாது. மூன்று வரவேற்புரை, ஐந்து சால்வை, கடைசியில் ஆறிப்போன மீ கோரெங் நூடுல்ஸ். அதனால் கெடா மாநிலத்து நண்பர் ஒருவர் அனுப்பிய அழைப்பை இரண்டு நாள் திறக்காமலே வைத்திருந்தேன். பல்கலைக்கழகமும் சமூகமும் கூடி உழைப்பது பற்றிய மாநாடு என்று தலைப்பிலேயே கொட்டாவி வந்தது. ஆனால் அடியில் ஒரு வரி இருந்தது: ‘தரையில் உட்கார வேண்டியிருக்கும். மூட்டுவலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லவும்.’ இதென்னடா புதுசாக இருக்கிறதே என்று போன பள்ளி விடுமுறையில் கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தலைநகரிலிருந்து ரயில். சுங்கைப் பட்டாணிக்கு டிக்கெட் 74 வெள்ளி (ரிங்கிட்), நாலரை மணி நேரப் பயணம். குளிர் தாங்காது, கண்டிப்பாகச் சட்டைக்கு மேல் ஒன்று எடுத்துப் போங்கள். அதே பாதைதான் வடக்கே சயாம் எல்லைவரை போகிறது. ஜப்பான்காரன் காலத்தில் இந்த வட்டார ரப்பர் தோட்டத்து ஆட்களைச் சரக்கு வண்டியில் ஏற்றி இதே வழியாகத்தான் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். நான் மெத்தை இருக்கையில் சாய்ந்துகொண்டு குளிருகிறது என்று முனகிக்கொண்டிருந்தேன். இறங்கும்போது அதை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சுங்கைப் பட்டாணியில் அறை 95 வெள்ளி. சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு வாடகைக் காரில் பீடோங். 11 கிலோமீட்டர், 16 வெள்ளி. கடைத்தெருவில் மாமாக் கடை என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் இரண்டு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் ஐந்து வெள்ளி நாற்பது காசு. கடை நிறைந்திருந்ததால் எதிரில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும். கையில் அதே மாநாட்டு அழைப்பு.

பெயர் சரஸ்வதி. சிடாம் கிரியில் வீடு. தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நானும் அங்கேதான் போகிறேன் என்றதும், தன் தம்பி கார் கொண்டுவருகிறான், கூடவே வந்துவிடலாம் என்றார். அப்புறம் டீயை ஆற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்கள் பட்டியலைப் பல்கலைக்கழகம் தயாரித்திருக்கிறது. அதில் அவருடைய தாத்தா ஆறுமுகத்தின் பெயர் இருக்கிறது. ஆனால் தாத்தா சயாமுக்குப் போகவே இல்லை. இவர் இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போது, சிடாம் கிரி வீட்டில், படுக்கையில்தான் இறந்திருக்கிறார்.

“அப்ப பட்டியல் தப்பா இருக்கு. திருத்தச் சொல்லப் போறீங்களா அக்கா?” என்றேன்.

“தப்பு இல்ல தம்பி,” என்றார் அவர். “அந்தப் பேர்ல ஒருத்தர் போனாரு. யாருன்னு எங்களுக்குத் தெரியாது.”

தோட்டத்தில் தினமும் விடியற்காலை பெரட்டு உண்டு. எல்லாரும் வரிசையில் நிற்க, கிராணி என்கிற தோட்டத்துக் கணக்குப்பிள்ளை பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எண்ணுவார். அன்றைக்குப் பெரட்டுக் களத்தில் ஜப்பான்காரனின் லாரி நின்றது. ஆறுமுகத்துக்குப் பிள்ளை பிறந்து மூன்று நாள். மனைவிக்கு ஜன்னி கண்டு, அவரால் லயத்து வரிசை வீட்டை விட்டு நகர முடியவில்லை. கிராணி பெயரைக் கூப்பிட்டதும், கல்யாணம் ஆகாத ஒருவர் ‘இருக்கேன் ஐயா’ என்று சொல்லி லாரியில் ஏறிவிட்டார். கிராணிக்கு முகம் தெரியும், ஜப்பான்காரனுக்குத் தெரியாது. கிராணி அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். மனைவிக்குக் கொஞ்சம் தெளிந்ததும் ஆறுமுகம் குடும்பத்தோடு சிடாம் கிரிப் பக்கம் ஓடி, சண்டை முடியும்வரை மரவள்ளி நட்டுப் பிழைத்தார். அந்த மூன்று நாள் குழந்தைதான் சரஸ்வதி அக்காவின் அப்பா.

தாத்தா தீபாவளிப் படையலில் ஒரு இலை கூடுதலாகப் போடுவாராம். யாருக்கு என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவாராம். பாட்டிதான் கதையை இவ்வளவு சொன்னாராம், ஜன்னியில் கிடந்த அவருக்கும் பெயர் தெரியாது. அவர் போன பிறகும் வீட்டில் அந்த இலை போடுவது நிற்கவில்லை. “பேரு தெரியாம எத்தன வருஷம் படைக்கிறது?” என்றார் அக்கா. அவர் மாநாட்டுக்கு வந்தது அதற்காகத்தான்.

தம்பி குமரேசன் வந்தார். நல்ல மனிதர், வழியெல்லாம் எனக்குக் கோயில்களைக் காட்டிக்கொண்டே வந்தார். ஆனால் இந்த விஷயத்தில் அவருக்கு வேறு எண்ணம். பட்டியலில் தவறு என்று சொல்லி அடித்துவிட்டு வந்தால் போதும் என்றார். “அத்தன பேரு முன்னால, எங்க தாத்தா இன்னொருத்தர சாகவிட்டாருன்னு நாமளே சொல்லணுமா? வேணாம்லா அக்கா.” அக்கா சன்னல் வழியாகச் செம்பனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். செமிலிங் சாலையில் நாலு கிலோமீட்டர் போனதும் மண்டபம் வந்துவிட்டது.

உள்ளே போனதும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். மேடை இல்லை, நாற்காலி இல்லை. மண்டபத் தரை முழுக்கத் தோட்டத்தின் லயங்களை நாடா ஒட்டி வரைந்திருந்தார்கள். ஆறு லயம், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு கதவு, கதவுக்கொரு வீடு, நடுவில் குழாயடி, ஓரத்தில் கோயில், பெரட்டுக் களம். தேன்மொழி என்ற விரிவுரையாளரும் பழைய தோட்டத்துக் குடும்பங்களும் எட்டு மாதம் உட்கார்ந்து, ஒவ்வொருவர் சொன்னதையும் சேர்த்து வரைந்த படம் அது. தோட்டம் இப்போது இல்லை. பாதி செம்பனை, பாதி வீடமைப்புப் பகுதி. குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை.

தேன்மொழி நாலே நிமிடம் பேசினார். (சால்வை இல்லை. மனதுக்குள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.) பிறகு எல்லாரையும் அவரவர் குடும்பம் இருந்த கதவில் போய் உட்காரச் சொன்னார். இருநூறு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு, எண்ணைத் தேடி, ‘நாங்க இங்க, நீங்க பக்கத்து வீடா?’ என்று விசாரித்தபடி தரையில் உட்கார்ந்தார்கள். முன்பின் பார்த்திராத இரண்டு பெண்கள், தங்கள் பாட்டன்மார் ஒரே சுவரின் இரு பக்கம் குடியிருந்ததைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எண்பது வருடத்துக்கு முன் கலைந்துபோன தோட்டம் என் கண் முன்னால் திரும்பக் குடியேறியது. நான் அந்தத் தோட்டத்தவன் இல்லை, ஆகவே சுவரோரம் நின்றேன்.

அப்போதுதான் கவனித்தேன். ஐந்து லயம் நிரம்பிவிட்டது. ஆறாவதில் ஒருவர்கூட இல்லை. அது ஒண்டிக்கட்டைகள் லயம் என்றார் பக்கத்தில் நின்றவர். கல்யாணம் ஆகாமல் சயாமுக்குப் போய்ச் செத்தவர்களுக்கு வந்து உட்காரப் பேரப்பிள்ளைகள் ஏது?

பட்டியலைப் பெரட்டு மாதிரியே வாசித்தார்கள். ஒரு பெயரைக் கூப்பிட்டதும் அந்தக் கதவிலிருந்து ‘இருக்கோம்’ என்று குரல் வரும். ஆறாவது லயத்துப் பெயர்கள் வந்தபோது யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு “ஆறுமுகம்” என்றதும் அக்காவின் பக்கத்திலிருந்து குமரேசன் எழுந்தார். எங்கள் தாத்தா சயாமுக்குப் போகவில்லை, இது எழுத்துப் பிழை, அடித்துவிடுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். தேன்மொழி பேனாவை எடுத்தார்.

“அடிக்காதீங்கம்மா,” என்றார் சரஸ்வதி அக்கா உட்கார்ந்தபடியே. டீக்கடையில் எனக்குச் சொன்னதை ஒன்று விடாமல் இருநூறு பேருக்கும் சொன்னார். குமரேசன் தலையைக் குனிந்துகொண்டார்.

தேன்மொழி மேசைக்குப் போனார். கிராணியின் குடும்பத்தார் பத்திரமாக வைத்திருந்து கொடுத்த பழைய ஆள்பதிவுப் புத்தகத்தின் நகல் அங்கே இருந்தது. லாரி வந்த நாளின் பக்கத்தைப் புரட்டினார். விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். ஆறாவது லயம், ஏழாவது கதவு. அன்றைக்கு அந்த ஒரு பெயருக்கு மட்டும் ‘ஓடிவிட்டான்’ என்று குறித்திருந்தது. ஆறுமுகம் பெயரில் ஒருவரை அனுப்பியாகிவிட்டது. போனவர் தன் சொந்தப் பெயரில் அங்கே இல்லாததற்கு ஏதாவது எழுதித்தானே ஆகவேண்டும், கிராணி அப்படி எழுதிவிட்டார்.

“மருதமுத்து,” என்று வாசித்தார் தேன்மொழி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எட்டு மாசமா இந்தப் பக்கம் என் கையில இருக்கு. நாங்களும் இவர ஓடிப்போனவர்னுதான் எழுதி வச்சிருக்கோம்.”

பல்கலைக்கழகத்திடம் பெயர் இருந்தது, கதை இல்லை. அக்காவிடம் கதை இருந்தது, பெயர் இல்லை. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர எண்பது வருடம் ஆகியிருக்கிறது. நான் எத்தனையோ கோபுரம் பார்த்திருக்கிறேன், மலை ஏறியிருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்தது கிடையாது.

சரஸ்வதி அக்கா தரையில் கையூன்றி எழுந்தார். தன் குடும்பத்துக் கதவை விட்டு, குழாயடியைத் தாண்டி, ஆறாவது லயத்துக்கு நடந்தார். ஏழாவது கதவில் உட்கார்ந்தார். குமரேசன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு அவரும் போனார். “அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காரு,” என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தரைப்படத்தை இன்னும் சில மாதம் அங்கேயே வைத்திருப்பார்கள், சனி ஞாயிறு காலை ஒன்பது முதல் ஒரு மணிவரை பார்க்கலாம், கட்டணம் இல்லை. பீடோங்கிலிருந்து பஸ்ஸை நம்பாதீர்கள், வாடகைக் கார் எட்டு வெள்ளிக்கு வரும். மதியச் சாப்பாடு அவர்களே போடுகிறார்கள், ரசம் பிரமாதம். உங்கள் குடும்பத்தில் யாரும் பேசாத பெயர் ஏதாவது இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். வாசலில் ஒரு பாரம் நிரப்பச் சொல்வார்கள். போனவர் பெயர், தோட்டம், லயம், கடைசியில் ‘உங்களுக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம். அதற்கு யாரும் சான்று கேட்பதில்லை. நான் கிளம்பும்போது சரஸ்வதி அக்கா மருதமுத்துவுக்காக அந்தப் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டத்தில் யோசிக்காமல் ‘பேத்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.