எழுபத்திரண்டும் எண்பத்தேழும்

இங்கிலாந்திலிருந்து வந்த அந்த டார்க் ரெஞ்சை மரப்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தவன் நான்தான். கை நீளம் இருக்கும். பளபளவென்று நிக்கல் பூச்சு, கைப்பிடிக்கு மேலே ஒரு முள், முள்ளுக்குக் கீழே வரிசையாக எண்கள். போல்ட்டில் மாட்டி இழுத்தால், எவ்வளவு முறுக்கு ஏறியிருக்கிறது என்று முள் காட்டும். குட்லண்ட்ஸில் எங்கள் பஸ் பட்டறையில் அதுவரை யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வேலையாட்கள் சுற்றி நின்று வாயைப் பிளந்தார்கள். என் அக்காவின் கணவர் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அதை வாங்கி ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் அங்கே எஞ்சின் ஃபிட்டர். நான் ஸ்டோர் கிளார்க். மொரிஷியஸுக்குச் சுதந்திரம் வருவதற்கு மூன்று நான்கு வருஷம் முந்தைய கதை இது.

அத்தானைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் எழுதாமல் கதை நகராது. இருபது வருஷம் ஆங்கில எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியவர் அவர். போல்ட்டை முறுக்கும்போது கடைசி இழுப்பில் மூச்சை அடக்கிக்கொள்வார். போதும் என்று கை சொன்ன பிறகுதான் மூச்சு வெளியே வரும். அவர் பூட்டிய எஞ்சின் ஒன்றுகூட வழியில் நின்றதில்லை. பழைய ஃபோர்மன் அந்த வருஷக் கடைசியில் ஓய்வு பெறப் போகிறார், அடுத்தது இவர்தான் என்று பட்டறை முழுக்கப் பேச்சு. அந்த நாற்காலியில் அதுவரை நம் தமிழ் ஆட்கள் ஒருவர்கூட உட்கார்ந்ததில்லை. அக்காவோ அவர் உட்கார்ந்தே விட்டதாக நினைத்துத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். எங்கள் அப்பா ரம் குடித்தே செத்தவர். அத்தான் சனிக்கிழமை வேலை முடிந்து இரண்டு கிளாஸ் எடுப்பார், அதற்கு மேல் தொடமாட்டார். இங்கே அதைக் குடி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அக்கா ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் வாசலில் நின்று அவர் நடந்து வருவதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் முதலாளி ஐரோப்பாவிலிருந்து மூன்று பழைய பஸ்களை வாங்கி இறக்கினார். அவற்றின் கையேடு பிரெஞ்சில் இருந்தது. எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கிலோகிராம்-மீட்டரில் போட்டிருந்தார்கள். ரெஞ்சின் முள்ளோ அடி-பவுண்டு காட்டுவது. இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓர் அடி நீளக் கைப்பிடியின் நுனியை ஒரு பவுண்டு எடையால் இழுத்தால் அது ஓர் அடி-பவுண்டு; ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியை ஒரு கிலோ எடையால் இழுத்தால் அது ஒரு கிலோகிராம்-மீட்டர். ஒன்றை இன்னொன்றாக மாற்ற ஒரே ஒரு பெருக்கல் போதும். வசதியானவர்கள் குடியிருக்கும் போ பசான் ஊரிலிருந்து தினமும் காரில் வந்து போகும் எஞ்சினியர், இனிமேல் யாரும் கைப்பதத்தில் முறுக்கக்கூடாது, எல்லாம் ரெஞ்சுதான், எல்லாம் அட்டவணைப்படிதான் என்று உத்தரவு போட்டார். அட்டவணை தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. ஸ்கூல் சர்டிபிகேட் தேறியவன், கணக்கில் புலி என்று எனக்குப் பெயர்.

அந்தப் புலி செய்த காரியத்தைக் கேளுங்கள். எங்கள் தீவில் சந்தைக்குப் போனால் கிலோவுக்கு இரண்டு பவுண்டு. வெங்காயமானாலும் கருவாடானாலும் அரைக் கிலோவைத்தான் பவுண்டு என்று கேட்போம், அவர்களும் அதைத்தான் நிறுத்துத் தருவார்கள். தச்சன் வாய்க்கணக்கில் மீட்டருக்கு மூன்றடி. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த கணக்கு இது; புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மூன்று ஆறு. எல்லா எண்ணையும் ஆறால் பெருக்கினேன். பிஸ்டனை மேலும் கீழும் ஆட்டும் ராடின் போல்ட்டுக்குக் கையேட்டில் பன்னிரண்டு என்றிருந்தது. நான் எழுபத்திரண்டு என்று எழுதினேன். கறுப்பு மையில் கோடு, சிவப்பு மையில் எண். எழுத்து முத்து முத்தாக இருந்தது. எஞ்சினியர் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டார். பட்டறைச் சுவரில் மாட்டினோம்.

முதல் எஞ்சினைப் பூட்டியது ஒரு சனிக்கிழமை காலை. அத்தான் நடுவில் நிறுத்திவிட்டு ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தார். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் எங்கள் தீவின் கிரியோல் மொழியில்தான், தமிழில் ஆக்கித் தருகிறேன். “தம்பி, முள்ளு எழுபத்திரண்டுல நிக்குது. ஆனா கை இன்னும் கேக்குது. கணக்கு சரிதானா, ஒரு தடவை பாத்துடேன்” என்றார். எவ்வளவு பணிவாகக் கேட்டார் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. வயதில் இருபது மூத்தவர், வேலை தெரிந்தவர், கேட்டது ஒரே ஒரு தடவை பார்க்கச் சொல்லித்தான். “கை கேக்குறதெல்லாம் அந்தக் காலம், அத்தான். எழுதினபடி முறுக்குங்க” என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு மனசு குளிர்ந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கோயில் வகுப்பில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் படித்துப் படித்துச் சொன்னார், மண்டையில் ஏறியிருந்தால்தானே. அத்தான் திரும்பிப் போய் எழுபத்திரண்டிலேயே விட்டார். உத்தரவு எஞ்சினியருடையது, எழுதியது மைத்துனன். பாவம், வேறென்ன செய்வார்.

நான்கு மாதம் ஓடியது அந்த பஸ். மற்ற இரண்டும் உதிரிபாகம் வராமல் பட்டறையிலேயே கிடந்தன. ஒரு நாள் காலை போர்ட் லூயிஸ் போகும் வழியில், ஆட்களோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே ராட் போல்ட் கழன்று, ராட் எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நல்ல வேளை, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின் மட்டும் பழைய இரும்பாகிப் போயிற்று. பஸ்ஸை இழுத்து வந்த அன்று வீட்டுக்குப் போனதும் பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்தது. சந்தைப் பவுண்டு வேறு, ஆங்கிலேயன் பவுண்டு வேறு, அது இளைத்தது. ஒரு கிலோ என்பது ஆங்கிலப் பவுண்டில் இரண்டே காலுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மீட்டர் என்பது மூன்றே கால் அடிக்குக் கொஞ்சம் அதிகம். பெருக்கினால் ஆறு இல்லை, ஏறக்குறைய ஏழே கால். பன்னிரண்டுக்கு எண்பத்தேழு வர வேண்டும். பதினைந்து குறைத்து எழுதியிருக்கிறேன். அத்தானின் கை கேட்டது அந்தப் பதினைந்தைத்தான்.

மறுநாள் காலை நேராக எஞ்சினியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பெருமைக்காக இதை எழுதவில்லை. அந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே சரியான காரியம் அது, அதுவும் அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. அவர் கத்தவில்லை. கையேட்டை எடுத்துத் தானே ஒரு முறை பெருக்கிப் பார்த்தார். எழுந்து போய்ச் சுவரிலிருந்து அட்டவணையைக் கழற்றி வந்து, அடியில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு புதுத் தாள் ஒன்றை என் முன்னே தள்ளி, சரியான கணக்குப்படி மறுபடி எழுது, தேதி மட்டும் பழையதே இருக்கட்டும் என்றார். அட்டவணை தப்பு என்று வந்தால் நாம் இரண்டு பேரும் போக வேண்டும். நீ படித்தவன், உன் அம்மா உன்னை நம்பி இருக்கிறாள். நல்ல ஃபிட்டருக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்கும் என்று தணிந்த குரலில் சொன்னார். நாசமாய்ப் போகிறவன், எவ்வளவு மரியாதையாகச் சொன்னான்! நான் உட்கார்ந்து எழுதினேன். கறுப்பு மையில் கோடு, சிவப்பு மையில் எண். எழுத்து முத்து முத்தாகவே வந்தது.

விசாரணை என்று பெரிதாக ஒன்றுமில்லை. முதலாளியின் அறையில் அவர், எஞ்சினியர், அத்தான், நான். அட்டவணைப்படி எழுபத்திரண்டுக்கு முறுக்கினேன் என்று அத்தான் தொப்பியைக் கையில் பிடித்தபடி நேராகச் சொன்னார். எஞ்சினியர் புதுத் தாளை மேசையில் விரித்து எண்பத்தேழைக் காட்டினார். அத்தான் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எஞ்சினைப் பூட்டியது சனிக்கிழமை என்று எஞ்சினியர் முதலாளிக்கு நினைவூட்டினார். எண்ணைப் படிக்கும் நிலையில் ஆள் இருந்தானோ என்னவோ என்றும் சேர்த்துக்கொண்டார். பட்டறையில் இரண்டொருவருக்குப் பழைய எண் ஞாபகம் இருந்திருக்கும். அவர்களை யாரும் கேட்கவில்லை, அவர்களும் வாயைத் திறக்கவில்லை. முதலாளி என் பக்கம் திரும்பி, “சுவத்துல இருந்தது இதேதானா?” என்று ஒரே கேள்வி கேட்டார்.

“வி, மிஸ்யே” என்றேன். ஆமாம் ஐயா. அவ்வளவுதான். பயம்தான் காரணம். இத்தனை வருஷமாக அதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றைத் தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

அன்றைக்கே அத்தானை அனுப்பிவிட்டார்கள். நல்ல ஃபிட்டருக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்குமாம். குடித்துவிட்டு எஞ்சினைக் கெடுத்தவன் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய் ஒவ்வொரு பட்டறை வாசலிலும் உட்கார்ந்திருந்தது. கடைசியில் கரும்புத் தோட்டத்துக்குப் போனார். அந்த வேலையை விட்டு வெளியே வரத்தான் அவருடைய அப்பா அவரைப் பட்டறையில் சேர்த்திருந்தார். அக்கா தையல் எந்திரம் போட்டாள். அத்தான் சனிக்கிழமை இரண்டு கிளாஸையும் விட்டுவிட்டார். அக்கா அதையும் தப்புச் செய்தவர் திருந்தியதாகத்தான் எடுத்துக்கொண்டாள். நானோ எஞ்சினியருக்கு உதவியாளன் ஆனேன், இரண்டு வருஷத்தில் போ பசானுக்கே குடிபோனேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் போ பசானில் கண்ணாடி ஜன்னல் வைத்த வீட்டில் இருந்தது.

சுதந்திரக் கொடி ஏறிய அன்று குட்லண்ட்ஸ் போயிருந்தேன். அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர்வலம் பார்க்கப் போய்விட்டாள். பக்கத்து வீட்டு ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. அத்தான் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் புதுக் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்தார். அதுவரை அந்த விஷயத்தைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை நடந்ததில்லை. தலையை நிமிர்த்தாமலே பேசினார். “அன்னிக்கு நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே நின்னேன்.” கைப்பிடியைத் தட்டி இறுக்கிவிட்டு மறுபடி சொன்னார். “வேலை போச்சு, போகட்டும். உன் அக்காகிட்ட மட்டும் சொல்லிடு. நான் குடிச்சுட்டு வேலை பாக்கலைன்னு அவளுக்குத் தெரியணும்.”

நீங்களே சொல்லலாமே என்றேன், வெட்கங்கெட்டவன்.

“சொன்னேன். என் தம்பி பொய் சொல்லமாட்டான்னுட்டா.”

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அக்கா கையில் காகிதக் கொடியோடு சிரித்துக்கொண்டே வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. அத்தான் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்து, டீ இருக்கிறதா என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு அவர் ஒன்பது வருஷம் இருந்தார். மறுபடி கேட்கவில்லை. ஆனால் நான் போகும்போதெல்லாம் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். இந்தத் தடவை சொல்லிவிட்டேனா என்றுதான். முதல் இரண்டு மூன்று வருஷம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறுவேன், போய்ச் சேருவதற்குள் தைரியம் கரைந்துவிடும். அப்புறம் நினைப்பதையும் விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அவரால் பேச முடியவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்திருந்தாள். அப்போதும் அதே பார்வைதான்.

அக்காவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. வருஷா வருஷம் அத்தான் திதியன்று என்னைக் கூப்பிட்டு வாழையிலை போட்டு ஏழு கறியோடு பரிமாறுகிறாள். போன தடவையும் சொன்னாள். “உன் அத்தான் நல்ல மனுஷன்தான். குடிதான் கெடுத்துச்சு. நீ அங்க இருந்ததாலதான் ஜெயிலுக்குப் போகாம தப்பிச்சாரு.” இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்றாள். போடச் சொன்னேன். சாப்பிட்டேன்.

மருத்துவர் எனக்குச் சொன்ன கெடுவை வைத்துப் பார்த்தால் இனியும் தள்ளிப்போட முடியாது. அதனால் உட்கார்ந்து, எழுபத்திரண்டையும் எண்பத்தேழையும், அந்தப் பழைய தேதியையும், ‘வி, மிஸ்யே’யையும் ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். கிரியோலில் எழுதியிருக்கலாம், பிரெஞ்சில் எழுதியிருக்கலாம். இரண்டையும் அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு மெல்ல வாசித்துவிடுவாள். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. கோயிலில் பாடும் தேவாரத்தைக்கூடப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடுகிறாள். நான் தமிழில் எழுதியிருக்கிறேன்.