மூன்று மூடிக் கரும்பச்சை

மச்சான் தீப்பெட்டியை என் மூக்குக்கு நேரே நீட்டித் திறந்தார். உள்ளே குச்சி இல்லை. கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு பெயிண்ட் சில்லு இருந்தது. மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் செம்மண் நிறத்தில் பிரைமர். மூன்று நாளைக்கு முன்னால், விடிந்த கையோடு சொசைட்டிக்குப் பால் கொண்டுபோன அவருடைய தம்பியை ஒரு லாரி சைக்கிளோடு அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருந்தது. நசுங்கிய பால் கேனின் மடிப்பில் இந்தச் சில்லு செருகிக் கிடந்ததாம். அடையாளம் தெரியாத வண்டி என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். "இது எந்த வண்டின்னு சொல்லு மாப்ள" என்றார் மச்சான். என் அக்காள் புருஷன் அவர். தம்பியை வாரித் தூக்கியபோது பட்ட ரத்தம் சட்டையில் அப்படியே காய்ந்திருந்தது. மூன்று நாளாக அந்தச் சட்டையை அவர் கழற்றவில்லை.

அது எழுபதுகளின் கடைசி. நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் பெயிண்டர். டப்பாவில் கரும்பச்சை என்று போட்டிருந்தால் எல்லாம் ஒரே பச்சை என்று நினைப்பவன் பெயிண்டரே இல்லை. எங்களிடம் மூன்று கம்பெனிகளின் கரும்பச்சை வரும். கம்பெனிப் பேரை யார் சொன்னார்கள், மூடியின் நிறம்தான் பேர். சிவப்பு மூடிப் பச்சை காய்ந்தால் கறுப்பில் போய் நிற்கும். நீல மூடிப் பச்சைக்குள் நீலம் ஒளிந்திருக்கும். மஞ்சள் மூடியில் ஒரு மஞ்சள் ஓட்டம் உண்டு. பாதி வண்டி அடித்து முடிக்கும்போது டப்பா தீர்ந்துவிடும், கடையில் போய்க் கேட்டால் அந்த மூடி இருக்காது. வேறு மூடியை வாங்கி வந்து, கறுப்பையும் மஞ்சளையும் சொட்டுச் சொட்டாக விட்டு, பழைய பச்சைக்குக் கொண்டுவர வேண்டும். நகத்தில் ஒரு சொட்டு வைத்து, நன்றாகக் காயவிட்டு, வெயிலில் கதவோடு சேர்த்து வைத்துப் பார்ப்பேன். ஒட்டுப் போட்ட இடத்தை வண்டிக்காரரால் கண்டுபிடிக்க முடிந்தால் அன்றைக்குக் கூலி வேண்டாம் என்பேன். அவ்வளவு வாய்க்கொழுப்பு எனக்கு. கொடுமை என்னவென்றால், அந்த வாய்க்கொழுப்புக்கு ஏற்ற கண்ணும் இருந்தது.

சில்லை வெயிலுக்குக் கொண்டுபோனேன். நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நின்றது அந்தப் பச்சை. அந்த நிறத்தைச் செய்தவனே நான்தான். நாலு மாதத்துக்கு முன்னால் திருச்செங்கோட்டு வண்டி ஒன்றுக்கு நீல மூடி போதாமல் திண்டாடி, இருந்ததோடு மஞ்சள் மூடியைக் கலந்து வண்டி முழுக்க அடித்திருந்தேன். வேறு எந்த வண்டியிலும் அந்தப் பச்சை கிடையாது. அந்த லாரி தினமும் காலையில் அதே ரோட்டில்தான் போய்வந்தது. "மச்சான், இது அந்தத் திருச்செங்கோட்டு வண்டிங்க" என்றேன். கொஞ்சமாவது தயங்கினேனா என்றால் இல்லை. ஒரு செத்தவனுக்கு நியாயம் வாங்கிக் கொடுக்கிறோம் என்று நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

மறுநாள் காலை டீக்கடை முன்னால் அந்த லாரியை மறித்தார்கள். பம்பர் ஓரத்தில் சிராய்ப்பு இருந்தது. எந்த லாரியில்தான் சிராய்ப்பு இருக்காது? மச்சான் டிரைவரின் தலைமுடியைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டார். மச்சானின் பங்காளிகள் இரண்டு பேர் வயிற்றில் மிதித்தார்கள். "சாமி, நானில்லீங்க சாமி, எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்று அந்த மனிதர் தரையில் உருண்டார். மச்சான் வீல் ஸ்பேனரால் முழங்காலில் அடித்தார். எலும்பு உடைந்த சத்தம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்ற எனக்குக் கேட்டது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கையில் வைத்தபடியே பார்த்தார்கள். நாலாவது அடியிலோ ஐந்தாவது அடியிலோ டிரைவர், "நாந்தானுங்க, நாந்தானுங்க" என்றார். ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருப்பார். மச்சான் அவருடைய வலது கையைப் பிடித்து, விரல்களைக் கேபின் கதவிடுக்கில் வைத்து, கதவை ஓங்கிச் சாத்தினார். திறந்தார். மறுபடி சாத்தினார். மூன்றாவது தடவை டிரைவருக்குக் கத்துவதற்குக் குரல் இல்லை. நான் அடித்த பச்சையின் மேல் ரத்தம் வழிந்து இறங்கியது. நான் தடுக்கவில்லை. கொலைகாரன் என்றுதான் அப்போது நானும் நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டிரைவருக்குக் கட்டைவிரலைத் தவிர மற்ற நாலு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். ஒப்புக்கொண்டதைப் பத்துப் பேர் கேட்டிருந்ததால் அடித்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, போலீஸுக்கும் போகவில்லை. ஆளைக் கொன்றவன் என்ற பேர் அவருக்கு நிலைத்தது. எங்கள் பக்கம் ஆத்திரம் அடங்கியது. கருமாதிக்கு மச்சான் சட்டையை மாற்றிக்கொண்டார்.

ஆயுத பூஜை வரும்போது லாரிகளுக்கு வார்னிஷ் அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். புதுப் பெயிண்ட் அடிக்க வசதி இல்லாதவர்கள் பழசின் மேலேயே ஒரு கோட்டு வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்கி, மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்துவிடுவார்கள். அந்த வருடம் அப்படி ஒரு பழைய லாரி வந்தது. சுத்தம் செய்யலாம் என்று தின்னரில் துணியை நனைத்துக் கதவைத் துடைத்தேன். துடைத்த இடம் நீல மூடிப் பச்சையாக நின்றது. துடைக்காத இடம் நான் கலந்த பச்சையைப் போலவே இருந்தது. வருடக்கணக்கில் அடித்த வார்னிஷ் மஞ்சளித்துப்போய், நீலத்தை நடுப்பச்சையாகக் காட்டியிருக்கிறது. திருச்செங்கோட்டு வண்டி புதிது. அதன்மேல் ஒரு சொட்டு வார்னிஷ்கூடப் பட்டதில்லை. அன்றைக்குச் சில்லைத் துடைத்துப் பார்க்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது.

மச்சான் வீட்டுக்கு ஓடினேன். தம்பி படத்துக்குக் கீழே தீப்பெட்டி பத்திரமாக இருந்தது. பஞ்சில் தின்னரைத் தொட்டுச் சில்லின் மேல் மெதுவாகத் துடைத்தேன். பஞ்சில் டீத்தண்ணி நிறத்தில் கறை இறங்கியது. சில்லு நீலப்பச்சையாகிவிட்டது. அந்த மாதிரி பழைய வண்டி இந்த ரோட்டில் நூறுக்குக் குறையாமல் ஓடும். "மச்சான், அந்த வண்டி இல்லீங்க. நான் தப்பாச் சொல்லிட்டேனுங்க" என்றேன். அவர் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினார். எனக்குக் கண் இருட்டியது. "என்ற தம்பியக் கொன்னவன் கையொடிஞ்சு கெடக்கறான். நான் இப்பத்தான் சோறு திங்கறேன். அதுலயும் மண்ணப் போட வந்தயா?" என்றார். சில்லைக் கட்டைவிரலால் தரையில் வைத்துப் பொடியாக நசுக்கினார். "வெளிய மூச்சு உட்டீன்னா உங்கக்கா உன்ற ஊட்டுக்கு வந்துருவா, பாத்துக்க." சமையற்கட்டு வாசலில் அக்காள் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் டிரைவர் வீட்டைத் தேடிப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, அடி தாங்காமத்தான் ஒத்துக்கிட்டேன். அப்பறம் நானே நம்பிட்டேனுங்க" என்றார். "ரண்டு நாளா ராத்திரியும் தூக்கமில்லாத ஓட்டம் அது. எங்கியோ தெரியாம தட்டிட்டு வந்துட்டேனோன்னு தெனமும் அந்தப் பையன் கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கறேன்." திடீரென்று தட்டை எடுத்து என் முகத்தில் வீசினார். நெற்றி பிளந்து, சோறும் ரத்தமும் சட்டையில் வழிந்தது. நான் துடைக்கவில்லை. கட்டிலில் சிந்திய சோற்றை இடது கையால் கூட்டிக்கொண்டே பேசினார். "பத்துப் பேரு பாக்க அடிச்சீங்க. பத்துப் பேரு கேக்கச் சொல்லீட்டுப் போங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க." சொல்கிறேன் என்று அவருடைய விரலில்லாத கையைத் தொட்டுச் சத்தியம் செய்தேன்.

சொல்லவில்லை. அக்காளின் வாழ்க்கை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டதும் உண்டு. யானை சறுக்கினால் யானைதான் விழும். நான் சறுக்கினேன், விழுந்தது இன்னொருவர்.

இப்போது பெயிண்ட் கடையில் சில்லை மெஷினுக்குள் வைத்தால் அதுவே நம்பர் சொல்லிக் கலந்து கொடுத்துவிடுகிறது. என் கண்ணை யாரும் கேட்பதில்லை, நல்லதாகப் போயிற்று. அக்காள் முதலில் போனாள், பிறகு மச்சான் போனார். அதற்கும் பின்னால்தான் டிரைவர் இறந்தார். அந்தச் சாவுக்குப் போயிருந்தேன். பந்தலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "பால்காரப் பையன ஏத்திக் கொன்னாரில்லீங்க, அந்தப் பாவந்தான் கடைசி வரைக்கும் போட்டு ஆட்டிப்போட்டுது" என்று இன்னொருவரிடம் சொன்னார். பந்தலில் நூறு பேராவது இருந்தார்கள். நான் பயப்பட வேண்டிய ஆள் ஒருவரும் உலகத்தில் மிச்சமில்லை. "ஆமாங்க" என்றேன்.

அந்த டிரைவர் யாரையும் ஏற்றிக் கொல்லவில்லை. அந்தப் பச்சை அவர் வண்டியின் பச்சை இல்லை. தப்பாகச் சொன்னது நான்.