பாய்லர் அக்கா

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ரோஸ்லட் அக்காவின் தம்பி பேசினார். "அக்கா போயிட்டாவ. காப்பி போட்டு வச்சிட்டு கசேரையில சாஞ்சு இருந்ததாக்கும். நான் வந்து பாக்கும்போ காப்பிக்கு சூடு உண்டு, அக்காவுக்கு மூச்சு இல்ல." மாரடைப்பு என்று பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள்.

எனக்கு உடனே அழுகை வரவில்லை. இந்த வருடம் எல்லா வீட்டையும் கூப்பிட்டு முடித்தாரா, இல்லையா என்றுதான் முதலில் தோன்றியது. பாறசாலைக்காரர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். அவரை அறியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கேரள எல்லையோரம் பாறசாலையில் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் நானும் அவரும் அடுத்தடுத்த மேசையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தோம். என்னைவிட மூத்தவர். என் சோற்றுப் பாத்திரத்தைக் கேட்காமல் திறந்து மீன்துண்டை எடுத்துக்கொள்வார். தன் பாத்திரத்தை மட்டும் தொட விடமாட்டார். முகத்துக்கு நேரே பேசுகிறவர். கணவர் சீக்கிரமே காலமானார். இருந்தது ஒரே மகன், ஜெபின். தனுவச்சபுரத்தில் படித்துவிட்டு, முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து இங்கிலாந்துக்குப் போனான். விமான நிலையத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம் அக்கா சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார். மறுநாள் அலுவலகத்தில் முத்திரையைத் தலைகீழாகக் குத்திக்கொண்டிருந்தார்.

மார்கழியில் கொஞ்சம் பனி இறங்கினாலே போர்வை தேடுகிறவர்கள் நாம். வீட்டையே சூடாக்க வேண்டிய ஊர்கள் உண்டு, அதற்கு ஒரு பாய்லர் எரிய வேண்டும், அதன் வெந்நீர் குழாய் வழியாக அறைக்கு அறை சுவரோரத்து இரும்புப் பலகைகளில் ஓட வேண்டும் என்பதெல்லாம் அங்கே போன பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். ஜெபின் தங்கிய வாடகை வீட்டுச் சமையலறையில் அப்படி ஒரு பழைய பாய்லர் இருந்தது. கோடை முழுக்க அணைந்து கிடந்ததைக் குளிர் தொடங்குமுன் ஆள் வைத்துச் சோதிக்க வேண்டும். வீட்டுக்காரன் செய்யவில்லை. புகைக்குழாயில் பறவை கூடு கட்டியிருந்தது. எரிவதற்குக் காற்று வரட்டும் என்று சுவரில் விட்டிருந்த துளையிலும் துணி திணித்திருந்தது. கூட இருந்த இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வெளியேற வழியில்லாமல் வீட்டுக்குள் நிறைந்த, மணமும் நிறமும் இல்லாத நச்சுக்காற்றில், தூங்கிய பிள்ளை எழவே இல்லை.

உடல் ஊர் வந்து சேர வாரங்கள் ஆயின. பெட்டியோடு வந்த அவனுடைய நண்பனைக் கல்லறைத் தோட்டத்திலேயே நிறுத்தி அக்கா கேட்டார்: "அந்த பாய்லர் எப்பிடி வேல செய்யும்? எனக்கு முழுசும் சொல்லு." இதைக் கேட்கிற நேரமா இது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். நானும் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை. அவன் அழுதுகொண்டே சொன்னான். அக்கா கண்ணைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த புரட்டாசியில் போன் அழைப்புகள் தொடங்கின. எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது குளிர்நாட்டில் நர்ஸாகவோ படிக்கவோ போயிருக்கும். சபைக்காரர்கள், குன்னத்துகாலில் கோவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பார்க்காமல் எல்லோரிடமும் எண் வாங்கினார். "பாய்லரப் பாக்க லைசென்ஸ் உள்ள ஆளு வந்தாச்சா? அழுத்தம் காட்டுற முள்ளு எங்க நிக்குது? சூடு கேறாத பலகையில காத்து நிக்கும், திருகித் தொறந்து அந்தக் காத்தக் களஞ்சியா? சுவர்ல காத்து வாற ஓட்ட உண்டா? கையக் காட்டிப் பாத்தியா?" தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்களைக்கூட எழுப்பி, போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுவதும் காட்டச் சொல்வார். சிலர் அவருடைய எண்ணைத் தடுத்துவைத்தார்கள். பையன்கள் வைத்த பெயர்தான் பாய்லர் அக்கா. அதைச் சொல்லி நான் வருத்தப்பட்டபோது, "என்ன வேணும்னாலும் விளிக்கட்டு. சொன்னதச் செஞ்சா போரும்" என்றார்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் உண்டு. நேந்திரன் குலை, சேவல், மரச்சீனி எல்லாம் காணிக்கையாக வரும். ஒரு வருடம் இவற்றுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அந்த நச்சுக்காற்று கசிந்தால் கூவும் அலாரம். அக்கா வைத்தது. மேடையில் நின்றவர்களுக்கு என்ன சொல்லிக் கூவுவது என்று தெரியவில்லை. சபை சிரித்தது. என் கணவர் வீம்புக்கு ஏலம் கேட்டு வாங்கினார். வாங்கியதை, இங்கிலாந்தில் இருக்கும் மகள் ஷைனியின் பரிசுக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் ஷோகேஸில் வைத்துவிட்டார்.

ஒருமுறை வீட்டு ஜெபத்துக்கு வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"அண்ணா, இது இங்க என்னத்துக்கு இருக்கு?"

"சபையில ஏலம் பிடிச்ச சாதனமில்லியா. வெளிய குடுக்கப்பிடாது."

ஜெபின் போனபிறகு அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு கண்ணாடியைத் திறந்து எடுத்து என் கையில் தந்தார். "இங்க எல்லா சன்னலும் தொறந்துதான கெடக்கு. இது ஷைனிக்க வீட்டுக்குப் போவட்டு." ஷைனி அடுத்த முறை வந்து இங்கிலாந்துக்குத் திரும்பியபோது, ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் முறுக்குக்கும் நடுவே அதுவும் போனது.

இனி சொல்வதை அக்கா உயிரோடு இருந்தவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, காட்டாக்கடையில் ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். வழியெல்லாம் யாரோ ஒரு பெண்ணிடம் பாய்லரைப் பற்றிப் போனில் கத்திக்கொண்டே வந்தார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "போரும் அக்கா. அந்த வீட்டுக்காரன் செஞ்ச தப்புக்கு நீங்க எதுக்கு கெடந்து ஓடணும்?" என்றேன்.

போனை மடியில் வைத்தார். "வீட்டுக்காரன் பாய்லரப் பாக்கல்ல, அது செரி. அந்த ஓட்டய அடைக்கச் சொன்னது நானாக்கும். முந்துன நாளு போன்ல சொன்னான், அம்மா, சுவர்ல ஒரு ஓட்ட உண்டு, அதுவழியா குளிரு கேறுதுன்னு. பழைய துணி எதாவது சுருட்டி வையி மக்கா, நல்லா இறுக்கி வையின்னு சொன்னேன். எம்புள்ள எனக்க பேச்ச எப்பவும் கேக்கும்."

நடத்துநர் வந்தார். அக்கா மீதிச் சில்லறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இடவப்பாதி மழைச் சாரல் அடிக்கிற ஓட்டையில் சாக்கைத் திணிக்காத அம்மா நம் ஊரில் யார்? நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்தப் பாரத்தை ஏன் அவர் தலையில் மட்டும் வைத்தாய் என்று கடவுளிடம் இன்றும் எனக்குக் கோபம் இருக்கிறது. அவரோ யாரையும் நோகவில்லை. அடுத்த எண்ணைத் தேடினார்.

அக்காவின் மரணச் செய்தியைச் சொல்ல ஷைனியைக் கூப்பிட்டேன். அவளுக்கு இப்போது கைக்குழந்தை. இந்தக் கோடையில்தான் வேறொரு பழைய வாடகை வீட்டுக்கு மாறியிருந்தார்கள். செய்தி கேட்டதும் வெகுநேரம் அழுதாள். அப்புறம் சொன்னாள்.

"அம்மா, நேத்து பெரியம்ம வீடியோவுல வந்தாவ. பாய்லரப் பாக்க ஆளு வாற வாரந்தான் வருவான், பிள்ளைக்கு குளிருதேன்னு நாங்க பத்த வச்சாச்சுன்னு சொன்னேன். ஓட்டயக் காட்டுன்னாவ. நான் அதுல பிள்ளைக்க டவல திணிச்சு வச்சிருந்தேன். காத்து நேரா தொட்டிலுக்கு அடிக்குதுன்னு. அலாரம் வீடு மாறுன பெட்டியிலயே கெடந்துது."

"ஏசினாவளா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. மொதல்ல பாய்லர அணைன்னாவ. டவல எடுன்னாவ. அலாரத்த நான் எடுத்து மாட்டி, பட்டன அமுக்கி, அது கூவுறது வரைக்கும் பெரியம்ம போன வைக்கல்ல. ஆளு வந்து பாத்த பொறவுதான் பத்த வைக்கணும்னு போன்லயே சத்தியம் வாங்கினாவ. கடைசியா ஓட்டயில கைய வையி, காத்து வருதான்னு கேட்டாவ. வருது பெரியம்ம, பிள்ளைக்குக் குளிரும்னு சொன்னேன். குளிரட்டு மக்கா, இன்னொரு கம்பிளி போடு, குளிரட்டுன்னு சொன்னாவ. அவ்வளவுதான்."

செவ்வாய்க்கிழமை ஜெபினுக்குப் பக்கத்திலேயே அக்காவை அடக்கம் செய்தோம். துலாமழை நின்றிருந்தது, மண் ஈரமாகக் கனத்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் பார்ப்பதற்காக யாரோ போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். அவருடைய எண்ணைத் தடுத்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். கூப்பிடாமல் விட்டுப்போன வீடுகளை இனி நான் கூப்பிடுவேன். அக்காவின் பொறுமை எனக்குக் கிடையாது, ஏசித்தான் கேட்பேன்.

ஒரு பிடி மண்ணைப் போடும்போது பெட்டிக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னேன்: அக்கா, டவலை எடுத்தாச்சு. ஷைனிக்க பிள்ளை உறங்குது. மகன் பக்கத்தில் நீங்களும் உறங்குங்கள்.